நோர்வேத் தீவுகளைச் சைக்கிளில் சுற்ற எந்தப் படகில் ஏறுவது?

மார்ச் மாதம் பிறந்தாலே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். லண்டனில் இருக்கும் மச்சான், பாரிஸில் இருக்கும் சிநேகிதி, இங்கே ஒஸ்லோவில் எங்கள் மாடிக்குக் கீழே இருப்பவர் என்று எல்லாருக்கும் ஒரே ஆசை. கோடை விடுமுறைக்குப் படகில் போய், நோர்வேயின் கரையோரத் தீவுகளில் சைக்கிள் ஓட வேண்டும். எந்தத் தீவு நல்லது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எந்தப் படகில் போகப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். தீவுகள் எல்லாமே அழகுதான். அந்த அழகில் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பதைப் படகுதான் முடிவு செய்கிறது.

வழிகள் நான்கு. மேற்குக் கரையின் பேர்கனிலிருந்து வடகோடியில் உள்ள கீர்க்கனெஸ் வரை ஓடும் கரையோரக் கப்பல் ஒன்று. ஊர்ச் சனம் ஏறி இறங்கும் ஃபெரியும் விரைவுப் படகும் இரண்டாவது. படுக்கை, சாப்பாடு, சைக்கிள் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் சுற்றுலாப் படகு மூன்றாவது. நாமே ஓட்டிப் போகும் பாய்ப்படகில் மடக்குச் சைக்கிளை வைத்துக்கொண்டு போவது நான்காவது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கரையில் கிடைக்கும் நேரம். படகு துறையில் கட்டிய நிமிடத்திலிருந்து நீங்கள் அடுத்த படகில் ஏறும் வரை எத்தனை மணி நேரம் சைக்கிள் உங்கள் காலடியில் இருக்கும்? விளம்பரப் படங்களில் இந்தக் கணக்கு வராது.

இரண்டாவது, சைக்கிளுக்கு உறுதியான இடம் உண்டா, அல்லது அன்றைய மாலுமியின் கையில்தான் இருக்கிறதா என்பது. மூன்றாவது, பயணச்சீட்டில் எழுதாத செலவு. நான்காவது, காற்றும் மழையும் வந்தால் ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்பது. இந்தக் கரையில் பொதுவாகத் தென்மேற்குக் காற்று, அதனால் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதுதான் வழக்கம். ஆனால் வெயில் எறிக்கும் நல்ல நாட்களில் வடக்கிலிருந்தும் முகத்தில் அறையும். அன்றைக்கு 40 கிலோமீற்றர் என்பது 70 ஆகிவிடும்.

ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுதான் சுரங்கப்பாதை. நோர்வேயில் தீவுக்குப் போகும் வழி பல இடங்களில் கடலுக்கு அடியால் போகும், சிலவற்றில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. படகு உங்களை அந்தச் சுரங்கத்துக்கு முன்னால் இறக்குகிறதா, அதைத் தாண்டி இறக்குகிறதா என்று பாருங்கள்.

## கரையோரக் கப்பல்

1893 ஜூலை 2ஆம் திகதி ‘வெஸ்டெரோலன்’ என்ற நீராவிக் கப்பல் துரொண்ட்ஹைமிலிருந்து ஹமர்ஃபெஸ்ட் நோக்கிப் புறப்பட்டதில் தொடங்கிய சேவை இது. இன்றைக்கு ஹுர்திக்ருத்தன், ஹாவிலா என்ற இரு நிறுவனங்களின் பதினொரு கப்பல்கள் மாறி மாறி ஓடுகின்றன. 34 துறைகள். போய் வர 12 நாட்கள். எங்கள் ஆட்கள் எண்பதுகளில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய் இறங்கிய ஃபின்மார்க் ஊர்களையும் இந்தக் கப்பல் தொடும். அதனால் இந்தப் பெயரைக் கேள்விப்படாத நோர்வேத் தமிழர் குறைவு.

சைக்கிளை ஏற்றலாம், ஆனால் இடம் கொஞ்சம்தான், முன்கூட்டியே பதிய வேண்டும். முழுச் சுற்றுப் பயணத்தை எடுத்துவிட்டு ‘ஒவ்வொரு துறையிலும் இறங்கி ஓடுவோம்’ என்று நினைப்பவர்களை நான் தடுத்துவிடுவேன். பல துறைகளில் கப்பல் கால் மணி, அரை மணிதான் நிற்கும். லொஃபோதன் தீவுக்கூட்டத்தின் ஸ்வோல்வார் துறைக்கு, வடக்கு நோக்கிப் போகும் கப்பல் இரவு ஒன்பது மணிபோல் வந்து ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடும். நூர்காப் எனும் வட முனை நிலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹொனிங்ஸ்வோக்கில் மூன்றரை மணி நேரம் நிற்கும். கேட்க நல்லாயிருக்கும், ஆனால் அங்கிருந்து நூர்காப் முனைக்கு ஒரு பக்கம் 33 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் ஏற்றம் ஏற்றமாக. போய் வருவதற்குள் கப்பல் போய்விடும்.

இன்னொன்று, வடக்கே போகும்போது பிரொன்னொய்சுண்ட், சாண்ட்னெஷோன், நெஸ்னா ஆகிய துறைகளை, அதாவது துரொண்ட்ஹைமுக்கும் பூடோவுக்கும் இடைப்பட்ட ஹெல்கெலாண்ட் கரையின் துறைகளை, கப்பல் நள்ளிரவு தாண்டித்தான் தொடும். தெற்கே வரும்போது அதே துறைகளைப் பகலில் தொடும். தீவுகளையும் ‘ஏழு சகோதரிகள்’ மலைத்தொடரையும் மேல்தளத்தில் நின்று பார்க்க ஆசைப்படுபவர்கள் தெற்கு நோக்கிய பயணத்தை எடுக்கட்டும்.

ஆனால் இதே கப்பலைத் துறையிலிருந்து துறைக்குச் சீட்டெடுத்து வெறும் போக்குவரத்தாகப் பயன்படுத்தினால் கணக்கு தலைகீழாகிவிடும். ஹொனிங்ஸ்வோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தரைவழியாகச் சைக்கிளில் வருபவர் கடல் மட்டத்துக்கு 212 மீற்றர் கீழே இறங்கும், ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தைக் கடந்தாக வேண்டும். சைக்கிளுக்கு அனுமதி உண்டு. குளிரும் ஈரமும் இரைச்சலுமாக, பாதி வழி இறக்கம், பாதி வழி மூச்சு வாங்கும் ஏற்றம். கப்பலில் வந்தவர் அந்தச் சுரங்கத்தைத் தொடாமலே தீவுக்குள் இறங்கிவிடுகிறார். இரண்டு நாள் தங்கி, காற்று அடங்கிய இரவில் நடுநிசிச் சூரியனோடு முனைக்குப் போய் வந்து, அடுத்த கப்பலைப் பிடிக்கலாம்.

மறைந்த செலவு: சாப்பாடு. கப்பல் உணவகத்தில் இரண்டு வேளை சாப்பிட்டால் சீட்டின் விலை பழைய விலையாக இருக்காது. குறுகிய தூரத்துக்கு அறை எடுக்காமல் இருக்கையில் இருந்தே போகலாம், கோடையில் பலரும் அப்படித்தான் போகிறார்கள்.

## ஃபெரியும் விரைவுப் படகும்

என் மனம் இங்கேதான் நிற்கிறது, அதை ஒளிக்கப் போவதில்லை.

காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையில் ஓடும் மிதவையை ‘பாதை’ என்று சொல்லி வளர்ந்தவள் நான். நோர்வேயில் ஃபெரியும் அப்படித்தான். அது வீதியின் ஒரு துண்டு. வீதி இலக்கம் கடலுக்கு இந்தப் பக்கம் என்னவோ அந்தப் பக்கமும் அதுவேதான். பல மாவட்ட ஃபெரிகளில் நடந்து வருபவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் கட்டணமே கிடையாது. முன்பதிவும் கிடையாது. வந்து நின்றால் ஏறலாம்.

ஃபெரியின் முன்வாய் மேலே தூக்கித் திறக்கும்போது இரும்புத் தளம் கல்லில் உரசும் சத்தம் வரும். செம்மஞ்சள் உடுப்போடு நிற்கும் மாலுமி கைகாட்டும் வரை ஒதுங்கி நில்லுங்கள். அவர் காட்டும் இடத்தில், பக்கச் சுவர்க் கம்பியோடு சைக்கிளைச் சாய்த்து, அங்கே தொங்கும் கயிற்றால் சட்டத்தைக் கட்டுங்கள். சில்லைக் கட்டாதீர்கள், அலையில் வளைந்துவிடும். பிறகு மேலே ஏறிக் கோப்பி. மேற்குக் கரை ஃபெரிகளில் ‘ஸ்வேலே’ என்று தடித்த அப்பம் மாதிரி ஒன்று விற்பார்கள், வெண்ணெயும் சீனியும் பூசி மடித்திருக்கும். நாற்பது கிலோமீற்றர் ஓடி வந்த பசிக்கு அதற்கு ஈடு இல்லை.

இறங்கும்போது அவசரப்படாதீர்கள். எல்லாக் கார்களும் போகட்டும். கடைசி வண்டியும் போன பிறகு நீங்கள் இறங்கினால், அடுத்த ஃபெரி வரும் வரை வீதி முழுக்க உங்களுக்குத்தான்.

ஒரு வாரம் கையில் இருப்பவருக்கு நான் சொல்லும் வழி ஹெல்கெலாண்ட். ஸ்டைன்ஷேரிலிருந்து பூடோ வரை சுமார் 650 கிலோமீற்றர் ஓடும் 17ஆம் இலக்க மாவட்ட வீதியில் ஆறு ஃபெரிகள் வரும். முழுவதையும் ஓட வேண்டியதில்லை. பிரொன்னொய்சுண்டில் தொடங்குங்கள். முதல் நாள் பாலத்தால் ஏறித் தொர்க்ஹாத்தன். மலையின் நெஞ்சில் 160 மீற்றர் நீளத்துக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் ஓட்டை. சைக்கிளை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்து உள்ளே போகலாம். அடுத்து ஹொர்ன் துறையிலிருந்து வேகா. ஐடர் வாத்துகளுக்குச் சனங்கள் கல்லாலும் பலகையாலும் கூடு கட்டிக்கொடுத்து, குஞ்சு போன பிறகு தூவியை எடுத்து வாழ்ந்த தீவுக்கூட்டம் இது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இரண்டு இரவாவது தங்குங்கள். ஹொர்னுக்குத் திரும்பி, மேலும் இரண்டு ஃபெரி மாறித் தியொத்தாவில் இறங்கினால், சாண்ட்னெஷோன் வரை ஏழு சகோதரிகளின் காலடியால் வீதி போகும். அங்கிருந்து டொன்னா தீவுக்கு ஃபெரி. டொன்னாவிலிருந்து பாலத்தால் ஹெரோய். ஹெரோய் தட்டையான தீவு. பிள்ளைகளோடு ஓட இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் நான் பார்க்கவில்லை. ஹெரோயிலிருந்து சோவிக் துறைக்கு ஃபெரியில் வந்தால் வட்டம் முடிந்தது.

கால்கள் இன்னும் கேட்டால், ஸ்தொக்வோகன் துறையிலிருந்து லோவுண்டுக்கும் த்ரேனாவுக்கும் படகு உண்டு. லோவுண்டில் லுண்ட எனும் கடற்பறவைகள் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14ஆம் திகதி வந்து சேரும் என்பது ஊர்க் கணக்கு, அந்த நாளையே ஊர் கொண்டாடுகிறது. இந்தத் தீவுகளில் ஓட வீதி அதிகம் இல்லை, அரை நாளில் முடிந்துவிடும். அவற்றைப் பறவைக்காகவும் கடலுக்காகவும் போய்ப் பாருங்கள்.

இனி இதன் தொல்லைகள். ஃபெரி வேறு, விரைவுப் படகு வேறு. விரைவுப் படகு பஸ் மாதிரி, வாகனத் தளம் கிடையாது. சைக்கிளை வெளியே ஒரு மூலையில் கட்டுவார்கள். இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள், கட்டணமும் வாங்குவார்கள். ஒருமுறை நானும் தங்கையும் ஒரு துறையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஏழு சைக்கிள். மாலுமி எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அடுத்த படகு மறுநாள் காலை. துறையில் இருந்த காத்திருப்பு அறையில் மர வாங்கு இரண்டு, சுவரில் ஒரு ஹீட்டர், ஈரத்தில் அலையடித்த கால அட்டவணைத் தாள். அங்கேயே படுத்தோம். அதற்குப் பிறகு அன்றைய கடைசி விரைவுப் படகை நம்பி நான் எந்த நாளையும் திட்டமிடுவதில்லை. கடைசிக்கு முந்தியதைத்தான் என் படகு என்று எடுத்துக்கொள்வேன்.

கால அட்டவணையைப் பார்க்க எந்தூர் செயலி போதும், படகு, பஸ், ரயில் எல்லாம் ஒரே இடத்தில் வரும். சனி, ஞாயிறுக்கு அட்டவணை வேறு. ஞாயிறு கடைகளும் பூட்டு. சனி மாலை தீவில் இறங்கி, திங்கள் காலை வரை பாணும் வாழைப்பழமும் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நான் எப்போதும் ஒரு கிலோ அரிசியும் அரைக் கிலோ பருப்பும் பக்கப் பையில் வைத்திருப்பேன். முகாமிடும் இடங்களில் உள்ள சின்னக் குடில்களில் அடுப்பு இருக்கும், ஒரு பருப்புக் கறியோடு அந்தக் கரையின் மழை நாளைக் கடந்துவிடலாம்.

படுக்கைக்குக் கூடாரமும் வழி. 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டப்படி, பயிர் செய்யாத நிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்ளி, இரண்டு இரவு வரை யாரிடமும் கேட்காமல் கூடாரம் போடலாம். விடுதிச் செலவை இது பாதியாக்கும்.

சுரங்கக் கணக்கு: பூடோ வரை போகிறவர்கள் கவனம், ஏழரைக் கிலோமீற்றர் நீளமான ஸ்வார்திசென் சுரங்கத்துக்குள் சைக்கிளை விட மாட்டார்கள். அதற்கு முன்பே வாஸ்டால்ஸ்விக் துறையில் படகு ஏறி ஓர்னெஸில் இறங்க வேண்டும்.

## சைக்கிளும் படுக்கையும் சேர்ந்த சுற்றுலாப் படகு

இருபது முப்பது பேர் போகும் சின்னக் கப்பல். பகலில் வழிகாட்டியோடு சைக்கிள் ஓடுவீர்கள், இரவில் அதே கப்பலில் படுக்கை. லொஃபோதன் பக்கம் இப்படியான பயணங்கள் அதிகம். பெட்டியைத் தூக்கத் தேவையில்லை, சைக்கிள் அவர்களுடையது, மின்சாரச் சைக்கிளும் கிடைக்கும், ரியூப் வெடித்தால் மாற்ற ஆள் இருக்கிறது. கரையில் கிடைக்கும் நேரமும் நிறைய, ஏனென்றால் கப்பல் உங்களுக்காகத்தான் நிற்கிறது.

அறுபது தாண்டிய பெற்றோரோடு வருபவர்களுக்கும், சைக்கிள் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். என் அம்மாவை அழைத்துப் போக நினைத்தபோது நான் யோசித்ததும் இதைத்தான்.

நான்கு வழிகளிலும் விலை கூடியது இதுதான். தனியாகப் போனால் அறைக்கு மேலதிகக் கட்டணம். குடிவகை, மின்சாரச் சைக்கிள், தொடங்கும் துறைக்கு வந்து சேரும் செலவு எல்லாம் தனி. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பதியும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் உருளைக்கிழங்கு. எனக்கு உறுத்துவது வேறு: பிடித்த ஊரில் இன்னொரு நாள் நிற்க முடியாது. மழை கொட்டும் நாளிலும் அன்றைய வழியை அன்றே ஓட வேண்டும், அல்லது கப்பலில் இருந்து ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

## பாய்ப்படகும் மடக்குச் சைக்கிளும்

படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும். 1980ஆம் ஆண்டும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் எட்டு மீற்றருக்கு மேற்பட்ட படகை ஓட்டச் சான்றிதழ் வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர்கள் அனுபவத்தையும் கேட்பார்கள். மேற்குக் கரையில் ஸ்டாட் முனை மாதிரித் திறந்த கடலுக்கு மறைப்பில்லாத இடங்கள் உண்டு, அங்கே நல்ல காற்றுக்காக நாட்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஆனால் ஃபெரி போகாத தீவுக்கும் போகலாம், காலையில் பிடித்தால் மாலை வரை நிற்கலாம். விருந்தினர் துறைகளில் மிதக்கும் மேடை இருந்தால் சைக்கிளை இறக்குவது சுலபம். பழைய மீன் துறைகளில் மேடை கிடையாது. வடக்கே கடல் இரண்டு மீற்றருக்கும் மேல் ஏறி இறங்கும், வற்று நேரத்தில் வழுக்கும் இரும்பேணியில் பன்னிரண்டு கிலோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். சின்னச் சில்லுக்குச் சரளைக் கல் வீதி ஒத்துவராது. உப்பு வேறு. ஒவ்வொரு இரவும் நன்னீரால் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் ஒரு வாரத்தில் துருப் பிடித்து மடிக்க முடியாமல் இறுகிவிடும். படகுக்காரருக்கு இது கடைக்குப் போக, ஊர் பார்க்க உதவும். சைக்கிள் பயணம் என்று இதை நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கரையோரக் கப்பல் | ஃபெரி, விரைவுப் படகு | சுற்றுலாப் படகு | பாய்ப்படகு |
|---|---|---|---|---|
| கரையில் நேரம் | குறைவு. இறங்கித் தங்கினால் நிறைய | நீங்கள் வைத்ததுதான் | நாள் முழுக்க, அவர்கள் வழியில் | நிறைய, காற்று விட்டால் |
| சைக்கிளுக்கு இடம் | பதிந்தால் உறுதி | ஃபெரியில் உறுதி, விரைவுப் படகில் இல்லை | உறுதி | மடக்குச் சைக்கிள் மட்டும் |
| செலவு | நடுத்தரம் முதல் அதிகம் | மிகக் குறைவு | மிக அதிகம் | அதிகம் |
| ஒளிந்த செலவு | சாப்பாடு | தவறிய படகு, ஞாயிறு | தனியறை, மின்சாரச் சைக்கிள் | காத்திருக்கும் நாட்கள், துரு |
| மழைக்கு விட்டுக்கொடுப்பு | இல்லை | உண்டு | இல்லை | உண்டு |
| யாருக்கு | வட முனை, நீண்ட தூரம் | ஒரு வாரமும் பொறுமையும் உள்ளவர் | பெற்றோர், புதியவர் | படகோட்டிகள் |

## கலந்து எடுத்தால்

மச்சானுக்கு இந்த வருடம் நான் எழுதிக் கொடுத்தது கரையோரக் கப்பலையும் ஃபெரியையும் கலந்த வழி. துரொண்ட்ஹைமில் மதியம் கரையோரக் கப்பலில் ஏறி நள்ளிரவு தாண்டிப் பிரொன்னொய்சுண்டில் இறங்குவது. ஜூன் கடைசியில் அந்த நேரத்திலும் வெளிச்சம் இருக்கும், ஆனால் துறைக்குப் பக்கத்தில் படுக்கையை முதலே பதிய வேண்டும். ஆறு நாள் ஃபெரிகளில் தீவுகள். ஏழாம் நாள் சாண்ட்னெஷோனிலிருந்து நெஸ்னாவுக்கு வந்து, மூ இ ரானாவில் ரயில்.

லொஃபோதனையும் சேர்க்கலாமா என்று கேட்டார். ஒரு வாரத்தில் வேண்டாம் என்றேன். ஜூலையில் அங்கே ஈ-10 வீதி முழுக்கக் படுக்கை வைத்த சுற்றுலா வண்டிகள், ஓரம் இல்லாத வீதியில் அவை உரசிக்கொண்டு போகும். லொஃபோதன்தான் வேண்டுமென்றால் மே கடைசியில் போங்கள், அல்லது பூடோவிலிருந்து ஃபெரி எடுத்து ரொஸ்ட் தீவில் இறங்குங்கள். 1432இல் வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் ஆட்கள் கப்பலுடைந்து கரையேறிய இடம். மேசை மாதிரித் தட்டை, மீன் காயும் மரப்பந்தல்கள், கார்கள் குறைவு. காற்று மட்டும்தான் ஏற்றம்.

பதிய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் ரயிலில் சைக்கிளுக்கான இடம், ஏனென்றால் அதுதான் முதலில் தீரும். அடுத்து கரையோரக் கப்பலில் சைக்கிளும் ஆளும். அதன் பிறகு வேகாவில் இரண்டு இரவு. மீதி இரவுகளைப் பதியாமல் விடுங்கள், வானிலையைப் பார்த்து அங்கேயே முடிவெடுக்கலாம். ரியூப் இரண்டு, செயின் எண்ணெய், முன்னும் பின்னும் விளக்கு, ஒளி தெறிக்கும் மேலங்கி. அரிசியையும் பருப்பையும் மறந்துவிடாதீர்கள்.